உயிருள்ள முகம் கிடைக்கவில்லை

நம் தொலைபேசிக் கம்பெனியின் தமிழ்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்கள் என்னிடம் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு பக்கத்துக்குள் பேச்சை முடிக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் வாடிக்கையாளர் சேவைக்கு வந்திருக்கப் போகிறேன்? ஆகவே இது கொஞ்சம் நீளமாகத்தான் வரும். எந்தப் பொத்தானை அமுக்கினால் எந்தத் திரை வரும் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு அந்தத் திரைகளை இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள் என்று கேள்வி. மாறாத சங்கதி ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

யன்னலைத் திறந்தால் கண்டி வாவி தெரியும் என்று சொல்லித்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். உங்களிடமும் அதையே சொல்லியிருப்பார்கள். வாவி தெரிவது உண்மைதான். யன்னல் பக்கத்துக் கதிரைகள் மேலாளர்களுக்கு, நமக்குச் சுவர். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே காதில் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு முடி நரைக்கும்வரை பேசினேன்.

முதலில் சிரிக்கக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் காலத்தில் புதிதாக ஒரு குரல் மெஷின் வாங்கினார்கள். "தொடர விரும்பினால் ஆம் எனச் சொல்லவும்" என்று கேட்கும். யாழ்ப்பாணத்து ஆட்கள் "ஓம்" என்றார்கள். தோட்டத்து ஆட்கள் "ஆமாங்க" என்றார்கள். கெலிஓயாவில் ஒரு முதலாளி, "ஆ, சொல்லுங்க சொல்லுங்க" என்றார். மெஷின் எல்லோரிடமும் பாரபட்சமில்லாமல் மன்னிப்புக் கேட்டு, புரியவில்லை என்றது. செய்தி வாசிக்கிறவர்களைத் தவிர இந்த நாட்டில் வாயைத் திறந்து "ஆம்" என்று சொல்கிற ஒரு தமிழரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இன்னொரு நாள் தெல்தெனியவிலிருந்து ஒரு கடைக்காரர் பேசினார். எங்கள் இணையத்தளத்துக்குள் நுழைய, அவர் ரோபோ இல்லை என்று நிரூபிக்க வேண்டுமாம். அதற்குத் தீயணைப்புக் குழாய் இருக்கிற படங்களைத் தொட வேண்டுமாம். "அது எப்பிடி சார் இருக்கும்?" என்று கேட்டார். நானும் அதைக் கண்ணால் கண்டதில்லை. சிவப்பாக, கட்டையாக, தெரு ஓரத்தில் நிற்கும் என்றேன். "அட, நம்ம தபால் பெட்டி மாதிரி" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, சிவப்பாகக் கண்ணில் பட்டதையெல்லாம் தொட்டுவிட்டார். அவர் மனிதர் இல்லை என்று மெஷின் முடிவு கட்டிவிட்டது. அன்று மத்தியானம் கன்டீனில் இதைச் சொல்லிச் சிரித்துப் புரையேறியது.

இறந்துபோன தாயாரின் இணைப்பை நிறுத்தச் சொல்லி ஒருவர் பேசினார். நிறுத்திக் கொடுத்தேன். அவர் போனை வைத்த கையோடு, இந்தச் சேவையில் உங்களுக்கு எத்தனை நட்சத்திரம் திருப்தி என்று மெஷின் அவருக்குச் செய்தி அனுப்பிவிட்டது. அந்த மனிதர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். பாவம், யார் எதைக் கேட்டாலும் மரியாதையாகப் பதில் சொல்லி வளர்ந்தவர் போலிருக்கிறது. அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

பழைய எண் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கைபேசி செயலியில் முகத்தைக் காட்டி உறுதிப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் எண் மூடப்படும் என்று ஒருமுறை கம்பெனி அறிவித்தது. திரையில் ஒரு வட்டம் வரும். அதற்குள் முகத்தை வைக்க வேண்டும். இடப் பக்கம் திரும்பு என்னும், வலப் பக்கம் திரும்பு என்னும், கடைசியில் சிரி என்னும். யாரும் வேறொருவரின் போட்டோவைக் காட்டி ஏமாற்றிவிடக் கூடாதே என்பதற்காக அந்த ஏற்பாடு. சிரிக்காவிட்டால் சிவப்பு எழுத்தில் 'உயிருள்ள முகம் கிடைக்கவில்லை' என்று வரும். நம் ஆட்களை உங்களுக்குத் தெரியும். கமெராவைக் கண்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்து நிற்கிறவர்கள். அந்த மாதம் முழுக்க, "தம்பி, நான் செத்துட்டேன்னு ஒங்க மெஷின் சொல்லுது" என்ற புகார்தான்.

கெடுவின் கடைசி நாள் காலையிலிருந்தே மழை. அன்று சாயங்காலம் அலுவலகம் மூடும்போது, உறுதிப்படுத்தாத எண்கள் எல்லாம் தானாகவே துண்டிக்கப்படும். மத்தியானத்துக்குப் பிறகு ஒரு அழைப்பு வந்தது. மழைச் சத்தம், தண்ணீர் விழும் சத்தம், பெண்கள் பேசும் சத்தம், அதற்கு நடுவே ஒரு குரல்.

"சார், நான் ஹேவாஹெட்ட பக்கத்துத் தோட்டத்துல இருந்து பேசுறேங்க. எம் பேரு செல்லம்மாங்க. எனக்கு உசுரு இல்லன்னு காட்டுதுங்க. லைன வெட்டிருவீங்களா சார்?"

"கண்டிக் கிளைக்கு வந்தா நேர்லயே செஞ்சு குடுப்பாங்கம்மா" என்றேன்.

"ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்குங்க. பஸ்ஸு வரல."

"அப்ப புது நம்பர் ஒண்ணு எடுத்துக்கலாமேம்மா." எங்களுக்குக் கொடுத்திருந்த பாடத்தில் அடுத்த வரி அதுதான்.

அவர் மெதுவாகச் சொன்னார். "எம் மக வெளிநாட்டுல வீட்டு வேலைக்குப் போயிருக்காங்க. அவளோட போனை அந்த வீட்டுக்காரங்க வாங்கி வச்சிட்டாங்க. யாராச்சும் எரக்கப்பட்டு போன் குடுத்தா பேசுவா. இப்ப ரொம்ப நாளா பேசலைங்க. அவ மனசுல மனப்பாடமா இருக்கிறது இந்த ஒரு நம்பருதாங்க. நான் வேற நம்பர் எடுத்தா அத அவளுக்கு யாருங்க சொல்லுவா?"

மகளை அனுப்பி வைத்த ஏஜென்சி பூட்டிக் கிடக்கிறதாம். அந்தத் தாய்க்கும் மகளுக்கும் நடுவே இருந்த ஒரே நூல் எங்கள் மெஷின் வாயில் மாட்டிக்கொண்டிருந்தது. முகத்தை ஏற்பதும் மறுப்பதும் மெஷின் பாடு, அதை மீறி அனுமதிக்கிற பொத்தானை எங்களுக்குத் தரவில்லை. அவர் ஏற்கெனவே பல தடவை முயன்றுவிட்டார். இன்னும் இரண்டு தடவைதான் பாக்கி என்று செயலி காட்டுகிறதாம். அதன் பிறகு அது தானாகப் பூட்டிக்கொள்ளும்.

அழைப்பு நீண்டால் நம் திரை சிவக்கும் அல்லவா, என் திரை சிவந்துவிட்டது. எங்கள் பொறுப்பாளர் எழுந்து வந்தார். கெலிஓயாக்காரர், முக்காடு போட்ட பெண்மணி, வேலையில் படு கண்டிப்பு, அவர் வருகிற செருப்புச் சத்தம் கேட்டாலே நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். அழைப்பைக் கொஞ்சம் நிறுத்தி வைத்து விஷயத்தைச் சொன்னேன். திட்டு விழும் என்றுதான் நினைத்தேன்.

"ஒங்கட ஸ்கிரீன் செவந்தா செவக்கட்டும், மேல நான் சொல்லிக்கிறன்" என்றார். "அந்தப் பொம்புளய மட்டும் உட்டுறாதீங்க." ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவரும் ஒரு ஹெட்செட்டை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, மெஷின் சிரிக்கச் சொல்றப்ப நீங்க கொஞ்சம் சிரிக்கணும்" என்றேன்.

"சிரிக்கிறதுக்கு என்னங்க இருக்கு?"

நியாயமான கேள்வி. நான் புத்திசாலித்தனமாக நினைத்துக்கொண்டு ஒரு பகிடி சொன்னேன். அந்தப் பக்கம் மழை பெய்கிற சத்தம் மட்டும் கேட்டது. பொறுப்பாளர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பகிடியை இங்கே எழுதி என் மானத்தை நானே மறுபடி வாங்கப் போவதில்லை. எனக்குச் சிரிக்கவைக்கத் தெரியாது, ஆகவே அவரிடம் இருக்கிற சிரிப்பைத்தான் தேட வேண்டும் என்று பட்டது.

"ஒங்க மக சின்னதுல எப்படிம்மா? குறும்பா?"

"அத ஏங்க கேக்குறீங்க!" குரல் சட்டென்று மாறியது. "ஒரு நாளு ஸ்கூலுக்குப் போகாம எம் பின்னாடியே மலைக்கு வந்துட்டாங்க. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற நேரம். நான் சாக்க வச்சிட்டுத் தண்ணி குடிக்கப் போயிட்டேன். கணக்கப்பிள்ளை வர்றதப் பாத்துட்டு இவ பயந்து சாக்குக்குள்ள பூந்துக்கிட்டா. எனக்கே தெரியாதுங்க. தராசுல மாட்டுனா முள்ளு எங்கேயோ போகுது. அவரு என்னைய ஒரு மாதிரி பாக்குறாரு. அந்நேரம் பாத்து இவ உள்ளுக்குள்ள இருமுனா பாருங்க! 'என்னா செல்லம்மா, ஒங் கொழுந்து இருமுது'ன்னாரு."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் சமயம் என்று, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு முகத்தை வட்டத்துக்குள் வைக்கச் சொன்னேன். இடப் பக்கம் திரும்பினார், வலப் பக்கம் திரும்பினார். "இப்ப சிரிக்கச் சொல்லுதுங்க" என்றார். நான் கணக்கப்பிள்ளையின் குரலை வரவழைத்துக்கொண்டு, "என்னா செல்லம்மா, ஒங் கொழுந்து இருமுது!" என்று கத்தினேன். மொத்த அலுவலகமும் திரும்பிப் பார்த்தது. அந்தப் பக்கம் அவர் சிரித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

"உயிருள்ள முகம் கிடைக்கலன்னுதாங்க வருது" என்றார்.

இன்னும் ஒரு தடவைதான் பாக்கி. பொறுப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்து மேசையில் இருந்தவர், வெளிச்சம் போதாதோ என்றார். இன்னொருவர், கமெராவைத் துடைக்கச் சொல்லுங்கள் என்றார். அவசரத்தில் எல்லோரும் ஆளுக்கொன்று சொல்வார்கள், ஒவ்வொன்றும் சரியாக இருக்கும்போலவே தெரியும். நான் எதையும் செய்யவில்லை. "அம்மா, எதையும் தொடாம ஒரு நிமிசம் அப்படியே இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சிரிப்பை மறுபடி மனதுக்குள் ஓடவிட்டுப் பார்த்தேன். அதில் என்னவோ இருந்தது. முதலில் பளிச்சென்று கிளம்பி, உடனே அமுங்கிப் போயிருந்தது, போர்வைக்குள்ளிருந்து வருவது போல.

அந்தச் சத்தம் எனக்கு நன்றாகப் பழக்கம். எங்கள் வீட்டில் தினமும் கேட்கிற சத்தம். என் மனைவி அப்படித்தான் சிரிப்பாள். பெண் பார்க்கப் போன அன்றிலிருந்தே, சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போய்விடும். கை இல்லாவிட்டால் சேலை முந்தானை. குசினியில் அவள் எதற்காவது சிரித்தால் முன்னறையில் இருக்கிற எனக்கு இப்படித்தான் அமுங்கிக் கேட்கும்.

"அம்மா, சிரிக்கிறப்ப வாயப் பொத்துனீங்களா?"

"பின்ன? தண்ணி புடிக்கிற பீலியடியில நிக்கிறேங்க. இங்கதான் சிக்னல் கெடைக்கும். தண்ணிக்கு வந்த சனம் எல்லாம் பாத்துக்கிட்டு நிக்குது. வாயப் பொளந்துக்கிட்டா சிரிக்கிறது?"

மெஷினைச் செய்தவர்கள் எந்த ஊரோ, அவர்களுக்கு இது எப்படித் தெரியும்? பொத்தாமல் சிரியுங்கள் என்று சொல்வது சுலபம். ஆனால் சிரிப்பு வருகிறபோது அந்தக் கை கேட்டுக்கொண்டா போகிறது? இருந்த ஒரே தடவையை அதை நம்பிச் செலவழிக்க எனக்குப் பயமாக இருந்தது.

"ஒரு கையில போன் இருக்கு. மத்தக் கையில என்னம்மா இருக்கு?"

"ஒண்ணுமில்லைங்க. சும்மாதான் இருக்கு."

"பக்கத்துல வாளி இருக்கா?"

"பீலியில வாளி இல்லாமலா?"

"நெறையத் தண்ணி புடிச்சு அந்தக் கையால தூக்கிக்குங்க. கீழ மட்டும் வைக்காதீங்க."

"எதுக்குங்க?"

"தூக்குங்கம்மா, சொல்றேன்."

அவர் அங்கிருந்த பெண்களிடம், "கண்டியில இருக்கிற சாரு என்னைய வாளி தூக்கச் சொல்றாரு" என்று சொல்வது கேட்டது. அங்கே ஒரே கூத்து. ஒருத்தி, "அப்பிடியே கொடத்தையும் தலையில வைக்கச் சொல்லுவாரு" என்றாள். செல்லம்மா இடப் பக்கம் திரும்பினார், வலப் பக்கம் திரும்பினார். வாளி கனத்து மூச்சு வாங்கினார். நான் கொழுந்தை இருமவைப்பதற்கு முன்பே பீலியடியில் எல்லோரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். இந்தத் தடவை சிரிப்பு அமுங்கவில்லை. அவ்வளவு பெரிய சிரிப்பு அவருக்குள் இருந்திருக்கிறது. திரும்பிப் பார்த்தேன். எங்கள் கண்டிப்பான பொறுப்பாளரும் சிரித்துக்கொண்டிருந்தார், முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டு.

பிறகு வாளி தடாலென்று கீழே விழுந்தது.

"சார்! பச்ச விழுந்துருச்சுங்க சார்!"

என் திரையிலும் அந்த எண்ணுக்கு நேரே பச்சை விழுந்தது. பொறுப்பாளர் எழுந்து, கதிரையை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார். மேலிடத்திலிருந்து அவரிடம் விளக்கம் கேட்டு வந்தது என்று பிறகு வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் அதை என்னிடம் கடைசிவரை சொல்லவே இல்லை.

இந்த வேலையில் கதையின் முடிவு நமக்குக் கிடைக்காது, பிள்ளைகளே. வைத்ததும் அடுத்த அழைப்பு வந்துவிடும். அந்த மகள் பேசினாளா இல்லையா என்று வீட்டில் நானும் மனைவியும் தினமும் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொள்வோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முகம் தெரியாத அந்தப் பெண்ணைப் பற்றிக் கவலைப்படுவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. கொழுந்து இருமிய கதையை நான் முதலில் சொன்ன அன்று என் மனைவி எப்படிச் சிரித்தாள் என்று நினைக்கிறீர்கள்? கையை வைத்துக்கொண்டுதான்.

ஒரு நாள் யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்திருந்த தம்பி என் மேசைக்கு வந்தார். "அண்ணை, ஒரு அம்மா கனநாளா எடுத்து எடுத்துக் கேக்கிறாவாம், வாளி தூக்கச் சொன்ன ஐயா இருக்கிறாரோ எண்டு. ஒருத்தருக்கும் விளங்கேல்ல. விசர்க் கதை எண்டு எல்லாரும் போனை வச்சிட்டினம். இண்டைக்கு எனக்கு வந்தது. மகள் எடுத்துக் கதைச்சவவாம், அடுத்த கிழமை வாறாவாம், இதை ஐயாவிட்டச் சொல்லச் சொன்னவ."

நான் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்தத் தம்பியை நான் மறக்க மாட்டேன். வைத்துவிட எல்லா நியாயமும் இருந்தும் அவர் வைக்கவில்லை, அந்த அம்மா சொன்னதை முழுக்கக் கேட்டார். நீங்களும் அப்படி இருங்கள். மெஷின் ஒரு ஆளை ஏற்க மாட்டேன் என்றால், அந்த ஆளின் மற்றக் கை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். வட்டத்துக்கு வெளியே இருப்பதை அது பார்க்காது. நான் உங்களுக்கு எழுத நினைத்த பாடம் இவ்வளவுதான். இத்துடன் முடித்திருக்கலாம், ஆனால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

என் மனைவி போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். கண்டி ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் ஒரு நாள், அவள் ஒரு கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. மற்றக் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். பேச எதுவும் தோன்றாமல், கொழுந்து இருமிய கதையை மறுபடி சொன்னேன். அவள் சிரித்தாள். பொத்துவதற்கு அவளிடம் கை இல்லை. நான் அவள் கையை விட்டிருக்கலாம், விடவில்லை. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளின் முழுச் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன். மேல் பல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. அதைத்தான் அவ்வளவு காலமும் மறைத்தாளோ என்னவோ, நான் கேட்கவில்லை.

கட்டுகஸ்தோட்டை வீட்டில் இப்போது நான் மட்டும்தான். எனக்குத் தனியாக இருக்கிறது. அதை வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை. அவளுடைய போன் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறேன். டவுனுக்குப் போய்த் திரும்பும்போது பஸ்ஸிலிருந்து அந்த எண்ணுக்கு அடிப்பேன். யாரும் எடுக்க மாட்டார்கள் என்று தெரியும். நான் வருவதற்கு முன்னால் வீட்டுக்குள் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு ஒரு ஆறுதல்.

அந்த எண் என் பெயரில் எடுத்தது. இப்போது அதற்கு உங்கள் செய்தி வந்திருக்கிறது. முகத்தைக் காட்டி உறுதிப்படுத்த வேண்டுமாம், இந்த வெள்ளிக்கிழமையோடு மூடிவிடுவார்களாம். வட்டத்துக்குள் முகத்தை வைத்தேன். இடப் பக்கம் திரும்பினேன், வலப் பக்கம் திரும்பினேன். சிரி என்றது. அவள் சிரித்ததை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வருவதற்கு முன்னால் வேறொன்று வந்துவிடுகிறது, மெஷின் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. உயிருள்ள முகம் கிடைக்கவில்லை என்கிறது. இன்னும் ஒரு தடவைதான் பாக்கி.

ஆகவே இந்த வாரம் உங்களில் ஒருவருக்குக் கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு கிழவனின் அழைப்பு வரும். பேச்சு நீளும், உங்கள் திரை சிவக்கும். புது நம்பர் எடுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வாளியும் தேவைப்படாது, என் கைகள் இரண்டும் சும்மாதான் இருக்கின்றன. வட்டத்தில் சிரிக்கச் சொல்லும்போது உரக்க, வெட்கப்படாமல், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி, எங்கே, கொழுந்து இருமியதைச் சொல்லுங்கள் பார்ப்போம்.